மூன்றாவது கொப்பி: திருகோணமலையின் ‘நேவி ஐயா’ பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரின் வடபுறக் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கை (குறுந்தெரு) ஒன்றில் 1932இல் பிறந்து, அதே ஒழுங்கையில் 2024இல் காலமான ஒருவர், தம் வாழ்நாளில் மூன்று முறை அயலவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்தார். முதல் இரண்டையும் தம் கையாலேயே எரித்தார். மூன்றாவது சீஆர் கொப்பியாக (கெட்டி அட்டைக் குறிப்பேடாக) இன்று எங்களிடம் இருக்கிறது. குடும்பத்தாரின் விருப்பப்படி அவருடைய பெயரையும் ஒழுங்கையின் அடையாளத்தையும் இங்கே தவிர்க்கிறேன். ஊரில் அவரை ‘நேவி ஐயா’ என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய இரக்க குணத்தைப் பற்றியே பேசுவார்கள். அது உண்மைதான். ஆனால் இரக்கமுள்ளவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு. அவர்களால் முடியாத ஒன்று இவரால் முடிந்தது. எவர் எங்கே இருக்கிறார், எவரால் நடக்க முடியாது, எவரை யார் தூக்க வேண்டும் என்பதை அவர் எழுதி வைத்திருந்தார்; எழுதியதைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தார். கடல் பொங்கும் நாளில் உயிர் காக்கும் அதே பட்டியல், துப்பாக்கி நடமாடும் நாளில் உயிர் பறிக்கும். இரண்டையும் வாழ்ந்து பார்த்த ஒருவர் அந்தப் பட்டியலை எப்படி வைத்திருந்தார் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

டொக்யாட் பிள்ளை

அவருடைய தகப்பனார் பிரித்தானியரின் டொக்யாட்டில் (கடற்படைக் கப்பல் திருத்தும் தளத்தில்) வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழும்பிய நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. துறைமுகத்தை விட்டு முன்கூட்டியே வெளியேறியிருந்த ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு, முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். டொக்யாட் வேலையாட்களும் குடும்பங்களும் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உட்புறக் காடுகளை நோக்கி நடந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் அந்தக் கூட்டத்தில் தாயின் கையைத் தவறவிட்டு, தம்பலகாமப் பக்கத்தில் வேறொரு குடும்பத்துடன் சில நாட்கள் இருந்திருக்கிறான். பிற்காலப் பட்டியல்களுக்கு இந்தச் சம்பவம்தான் வித்து என்று அவருடைய பேரப்பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குப் பட்டியல் பழக்கத்தைக் கொடுத்தது கடற்படைதான் என்பது என் கணிப்பு.

1950 டிசெம்பர் 9இல் அரச இலங்கைக் கடற்படை அமைந்தது. 1952இல் அவர் அதில் சேர்ந்து, தியத்தலாவையில் பயிற்சி பெற்று, சமிக்ஞைப் பிரிவுக்குப் போனார். கொடி, விளக்கு, மோர்ஸ். சமிக்ஞையாளனுக்கு அங்கே கற்பித்த இரண்டு விடயங்களை அவர் கடைசிவரை விடவில்லை. ஒன்று, வந்த செய்தியைப் பெற்றவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. மற்றது, ஒவ்வொரு செய்திக்கும் நேரம் எழுத வேண்டும், அனுப்பிய நேரம் வேறு, கிடைத்த நேரம் வேறு.

1957 அக்டோபர் 15 அன்று பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது அவர் அணிவகுப்பில் நின்றார். மகன் அணிவகுப்பில் நின்ற அதே நாட்களில் தகப்பனாரின் டொக்யாட் வேலை போய்விட்டது. ஆயிரக்கணக்கான வயிறுகளுக்குச் சோறு போட்ட தளம் அது. சுதந்திரத்தின் அந்தப் பக்கத்தையும் எங்கள் ஊர் பார்த்திருக்கிறது.

1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு தமிழ் இளைஞர்கள் படைகளில் சேர்வது மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். அந்தப் பத்து ஆண்டுகளும் நேவி ஐயா சேவையில் இருந்தார். விலகியது குடியரசு பிறப்பதற்குச் சற்று முன்பு. அவருடைய விடுவிப்புப் பத்திரத்தில் முடியின் சின்னம் இருந்தது. பிறகு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை. அங்கும் இடாப்பும் (பெயர்ப் பதிவேடும்) பங்கீட்டு அட்டைகளும்தான்.

எரிந்த இரண்டு

முதல் பட்டியல் 1964 டிசெம்பரில் தொடங்கியது. தனுஷ்கோடியை அழித்த அதே சூறாவளி 22ஆம் திகதி திருகோணமலைப் பக்கமாகத்தான் கரையேறிப் போனது. கூரை போன வீடுகளுக்குக் கிடுகும் தகரமும் பங்கிட வேண்டியிருந்தது. விடுப்பில் வந்தவர் ஒழுங்கையின் இரு பக்கமும் நடந்து, வீட்டுக்கு ஒரு வரி எழுதினார். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது பகிரங்கமாகத் தெரிந்ததால் சண்டை வரவில்லை. அந்தக் கொப்பியை அவர் தூக்கி எறியாமல் ஆண்டுதோறும் திருத்தி வந்தார். பிறப்பு, இறப்பு, கலியாணம், கட்டாருக்குப் போன பிள்ளை, எல்லாம் அதில் ஏறின.

1983 யூலையில் அதை எரித்தார். திருகோணமலையில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தியவர்களுள் தளத்திலிருந்து வெளியேறி வந்த கடற்படையினரும் இருந்தார்கள் என்பது பதிவான வரலாறு. இருபது ஆண்டுகளுக்குக் கிட்டத் தாம் அணிந்த சீருடையை அணிந்தவர்கள் அவர்கள். இதைப் பற்றி அவரிடம் பேசத் துணிந்தவர்களுக்கு அவர் தந்த பதில் மிகச் சுருக்கமானது. “அன்றைக்குக் கொப்பி அவர்கள் கையில் கிடைத்திருந்தால், வீடு தேட வேண்டிய வேலையே அவர்களுக்கு இருந்திருக்காது.”

இரண்டாவது பட்டியல் 1987 யூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின், இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வரத் தொடங்கியபோது எழுதியது. யாருடைய வளவில் யார் இருக்கிறார்கள், யாருடைய உறுதிப் பத்திரம் தொலைந்தது என்ற விபரங்கள் அதில் இருந்தன. 1990 யூனில் அரச படைகளுக்கும் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. அதையும் எரித்தார். இம்முறை அவர் பயந்தது இரு பக்கத்துக்கும். ஒரு பக்கத்துக்கு அவர் தமிழர், மறுபக்கத்துக்கு நேவிக்காரர். இளைஞர்கள் எத்தனை பேர், எந்த வீட்டில், என்ன வயது என்று கேட்டு எவரும் வரக்கூடிய காலம். எழுதாமல் இருப்பதே அப்போது தொண்டு என்றார்.

அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் அவரிடம் கொப்பி இல்லை. பட்டியல் அவருடைய மனதில் மட்டும் இருந்தது. அனர்த்தத் தயார்நிலை பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்க வருகிறவர்கள் ‘கிராம மட்டத் தரவு’ பற்றி இலேசாகப் பேசும்போது எனக்கு இந்தப் பதினான்கு ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும். வடக்குக் கிழக்கில் ஒரு தாய் தன் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் தாளில் எழுதிக் கொடுக்கத் தயங்கினால், அது அறியாமை அல்ல. அவள் பட்ட பாடு அது. அந்தத் தயக்கத்தை மதிக்காத எந்தத் திட்டமும் இங்கே வேர் பிடிக்காது.

பாடசாலை முகாம்

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். எங்கள் நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை எங்களிடம் வந்துவிட்டது. இடையில் எவரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு ஏற்பாடே இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. உட்துறைமுகம் மலைகளின் மறைவில் பெரும்பாலும் தப்பியது. திறந்த கடலைப் பார்த்த கரைகள், கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி, தப்பவில்லை. கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. நேவி ஐயாவின் ஒழுங்கையில் கடலோரப் பாதி இல்லாமல் போனது. அவருடைய தங்கை அந்தப் பாதியில் இருந்தவர்.

நான் படிப்பித்துக்கொண்டிருந்த பாடசாலை அன்று மாலைக்குள் முகாமாகிவிட்டது. வகுப்பறைக்கு வகுப்பறை குடும்பங்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர். எழுபத்திரண்டு வயதான அவர் ஈரச் சாரத்துடன் அலுவலக வாசலில் வந்து நின்று, “ரீச்சர், ஒரு வரவு இடாப்பு தாருங்கள்” என்று கேட்டார். தங்கையின் உடல் அப்போது கிடைத்திருக்கவில்லை.

அந்த இடாப்பில் அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகாம் நடத்துகிற எவரும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

காலையும் மாலையும் தலைக்கணக்கு. கணக்கில் குறைந்தால் தேடல், கூடினால் புதிதாக வந்தவர் யார் என்ற விசாரிப்பு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று குறிப்புகள்: யாரைப் பிரிந்திருக்கிறார், என்ன மருந்து எடுக்கிறவர், கடைசியாக யாரை எங்கே கண்டார். மூன்றாவது குறிப்புதான் பல குடும்பங்களை ஒன்று சேர்த்தது. ஒருவர் தம் சொந்தத்தைக் காணாவிட்டாலும் அயல்வீட்டுப் பிள்ளையைக் கண்டிருப்பார். அந்தத் துண்டுகளைச் சேர்த்து, வேறு முகாம்களுக்குச் சைக்கிளில் பையன்களை அனுப்பினார். போகிறவன் செய்தியைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சைக்கிளில் ஏறலாம்.

இரவுக் காவலுக்கு அவர் கப்பல் முறையைக் கொண்டுவந்தார். கப்பலில் ஒரு நாள் நான்கு மணித்தியாலக் காவல்களாகப் பிரிக்கப்படும். ஆனால் மாலை நான்கு முதல் எட்டு வரையிலான காவலை மட்டும் இரண்டு இரண்டு மணித்தியாலமாக உடைப்பார்கள். அதனால் ஆறு காவல்கள் ஏழாகின்றன. ஏழு ஒற்றை எண் என்பதால், இரண்டு குழுக்கள் மாறி மாறி நின்றால், இன்று நடுச்சாமக் காவலில் நின்ற குழு நாளை அதில் நிற்காது. பாரம் தானாகவே பங்கிடப்படுகிறது. ‘நேற்றும் நான்தானே நின்றேன்’ என்ற முணுமுணுப்புக்கு இடமே வரவில்லை. எந்த வகுப்பறையிலிருந்து எந்தச் சமயத்தவர் நிற்பது என்ற பேச்சும் வரவில்லை.

நிலாவெளியில் மறுபடி கடல் ஏறிவிட்டது என்று இரவில் ஒருவர் ஓடி வந்தார். முகாம் முழுவதும் எழுந்துவிட்டது. நேவி ஐயா வாசலில் நின்று கேட்டார்: யார் கண்டது? எத்தனை மணிக்கு? உனக்குச் சொன்னவர் யார்? வந்தவருக்கு ஒன்றுக்கும் பதில் இல்லை. “கண்டவர் இல்லை, நேரம் இல்லை” என்று உரத்த குரலில் சொல்லியபடியே இடாப்பில் எழுதினார். அதைக் கேட்டுச் சனம் திரும்பப் படுத்தது.

நிவாரணம் வரத் தொடங்கியபோது அடுத்த சிக்கல். ஒரே பெயர் மூன்று படிவங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. மாதம் 5,000 ரூபாக் கொடுப்பனவு சில குடும்பங்களுக்கு இதனாலேயே தட்டிப்போனது. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற 2005இல் சுனாமி சிறப்பேற்பாடுகள் சட்டம் வழி செய்தபோதும், இன்னார் இந்த வீட்டில் இருந்தார் என்று நிறுவ ஆதாரம் வேண்டியிருந்தது. அவர் மனதிலிருந்த பதினான்கு ஆண்டுப் பட்டியல் அப்போதுதான் தாளுக்கு வந்தது. ஒழுங்கையின் இரு பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாகச் சொன்னார், நான் எழுதினேன். மூன்றாவது கொப்பியின் முதல் பக்கங்கள் அவை.

வராத இரண்டு அலைகள்

ஒரு பட்டியலின் தரத்தை வந்த அலையை விட வராத அலைதான் நன்றாகக் காட்டும் என்று நினைக்கிறேன்.

2005 மார்ச் 28 இரவு பத்து மணி கடந்து நியாஸ் தீவருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. இலங்கையின் கரையெங்கும் சனம் இருட்டில் ஓடியது. வீதிகளில் முட்டி மோதிக்கொண்டு, பிள்ளைகளை விட்டுவிட்டு, திரும்பி வந்து தேடிக்கொண்டு. நேவி ஐயாவின் ஒழுங்கையிலும் பயம் அதே அளவுதான். ஆனால் அங்கே யார் யாரைத் தூக்குவது என்பது அதற்குள் தீர்மானிக்கப்பட்டிருந்தது. நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் இருவர். ஒருவர் தொழிலுக்குப் போயிருந்தால் மற்றவர். மேட்டிலிருந்த மைதானத்தில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் பெயர் வாசித்தார்கள். எல்லாரும் இருந்தார்கள். கண் தெரியாத ஒரு மூதாட்டியை அவருடைய மகனோடு பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் தூக்கி வந்திருந்தார். பட்டியலில் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. பெரிய அலை ஏதும் இங்கே வரவில்லை.

2012 ஏப்ரல் 11, பிற்பகல் இரண்டு மணி கடந்து மறுபடி 8.6. இம்முறை அரசின் எச்சரிக்கை முறையாக வந்தது. 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அதற்கான நிலையம் இருந்தது, கடலோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் இருந்தன. ஒழுங்கையில்தான் கோணல். சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாட்களே இருந்ததால் அடுப்பில் பலகாரம் வெந்துகொண்டிருந்த வீடுகள் எழும்பவில்லை. போன தடவையும் வரவில்லைத்தானே என்றார்கள். அதைவிட மோசமானது, தூக்க வேண்டியவர்களுள் பலர் அந்த ஒழுங்கையிலேயே இல்லை. சுனாமிக்குப் பின் கரையோரம் வீடு கட்டத் தடுத்த கடலோரத் தடை வலயத்தால் உட்புற வீட்டுத்திட்டங்களுக்குப் போனவர்கள், வெளிநாடு போனவர்கள், இறந்தவர்கள். படுக்கையில் கிடந்த ஒருவர் தூக்க ஆளின்றி வீட்டிலேயே இருந்தார். கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்த அதிர்வு அது. கடலடி பெரிதாக எழும்பித் தாழவில்லை, அதனால் பெரிய அலையும் எழவில்லை. அந்த மனிதர் உயிர் தப்பியதற்குக் காரணம் அதுதான், ஒழுங்கை அல்ல.

அன்று மாலை எண்பது வயதானவர் கொப்பியை விரித்து, பிழையான வரிகளைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். வெட்டாமல் தப்பிய வரிகள் பாதிக்கும் குறைவு. அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு புரட்டாதியிலும், மாரி தொடங்கு முன், வீடு வீடாக நடந்து பட்டியலைப் புதுப்பித்தார். எவரும் நன்றி சொல்லாத, பத்திரிகையில் படம் வராத, வெயிலில் நடந்து செய்த அந்த வேலையைத்தான் அவருடைய தொண்டின் உச்சம் என்று நான் சொல்வேன். சுனாமி நாளில் எல்லாரும் ஓடி உதவினார்கள். ஆண்டுதோறும் புரட்டாதியில் நடந்தவர் ஒருவர்.

கொப்பியின் விதிகள்

மூன்றாவது கொப்பியின் உள்ளட்டையில் அவர் எழுதி வைத்தவை இவை. இனம், சமயம் என்ற பத்தி இருக்கக் கூடாது. அடையாள அட்டை இலக்கம் எழுதக் கூடாது. இளைஞர்களின் வயது எழுதக் கூடாது. தூக்கக்கூடியவரா, தூக்கப்பட வேண்டியவரா என்பது போதும். வீட்டுக்காரர் சம்மதிக்காத வீட்டுக்கு வெறும் கோடு. தன் வரியை எவரும் எப்போதும் வாசிக்கலாம், வெட்டச் சொல்லலாம். கொப்பி ஒழுங்கையை விட்டு வெளியே போகக் கூடாது. எரிக்க வேண்டி வந்தால் வைத்திருப்பவர் ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை.

கொப்பி வெளியே போகக் கூடாது என்ற விதியைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி இருந்தால்தானே உலருணவும் உதவியும் வேகமாக வரும் என்று நான் கேட்டேன். “எண்ணிக்கையைக் கொடுங்கள், ரீச்சர். பெயரைக் கொடுக்காதீர்கள்” என்றார். இன்று நினைத்துப் பார்க்கும்போது, இந்தப் பிரிப்பு மிகக் கூர்மையானதாகத் தெரிகிறது. எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், எத்தனை படுக்கை நோயாளிகள் என்ற எண்கள் அலுவலகத்துக்குப் போதும். பெயர் தேவைப்படுவது தூக்குகிறவருக்கு மட்டுமே.

2020 டிசெம்பர் 2 இரவு ‘புரெவி’ புயல் எங்கள் மாவட்டக் கரையில் ஏறியபோது கொரோனாக் காலம். ஒரே மண்டபத்தில் எல்லாரையும் அடைக்க முடியாது. எந்த வீட்டுக்காரர் எந்தக் கல்வீட்டில் தங்குவது என்று கொப்பியைப் பார்த்து முன்னிரவிலேயே பிரித்துவிட்டார்கள். எண்பத்தெட்டு வயதில் அவர் கதிரையில் இருந்தபடி சொன்னார், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அதுதான் அவர் நேரில் நடத்திய கடைசி நடவடிக்கை.

அடுத்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்படும் காலத்தில் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட அன்றே ஆறு உயிர்கள் போயின. செய்தி வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, ஏறினவர்களை யார் எண்ணினார்கள் என்பது. பிறகு நெடுநேரம் அழுதார். பெரிய மனிதர்கள் மாலையுடன் போய் வந்த வீடுகள் அவை. ஏறும்போது ஒருவர் நின்று எண்ணுவதற்கு எந்தச் செலவும் இல்லை என்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கைமாற்றம்

இந்த நிகழ்வின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். முழங்கால் விட்டுப்போன பின் இரண்டு புரட்டாதிகள் நடைக்கு ஆள் இல்லாமல் கழிந்தன. இளையவர் ஒருவரை முன்பே அவர் பழக்கியிருக்கலாம். இரண்டு கொப்பிகளை எரித்த மனிதருக்கு மூன்றாவதை இன்னொருவர் கையில் வைப்பது இலகுவாக இருந்திருக்காது என்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் கடல் பொங்கியிருந்தால் ஒழுங்கையிடம் இருந்தது பழைய பட்டியல்தான்.

கைமாற்றம் நடந்தது 2023 கார்த்திகையில். கடற்படையில் காவல் மாறும்போது போகிறவர் நிலைமையைச் சொல்லி, வருகிறவர் திருப்பிச் சொன்ன பிறகே இடத்தை விட்டு நகர்வார். அதே போல, ஒழுங்கையின் மேற்பாதியில் இருக்கும் மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஒருவரும், கீழ்ப்பாதியில் தையல் வேலை செய்யும் முஸ்லிம் பெண் ஒருவரும் அவர் முன் இருந்து, வீட்டுக்கு வீடு அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். அதற்கு ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. இரண்டு இடங்களில் அவரே பிழை விட்டார், பெண்கள் திருத்தினார்கள். அதன் பிறகுதான் கொப்பியை நீட்டினார்.

கைத்தொலைபேசியில் ஏற்றினால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உள்ளட்டை விதிகளை அவர்களுக்கு வாசித்துக் காட்டினோம். ஒழுங்கையை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதியைத் தொலைபேசி எப்படிக் காக்கும் என்பதற்கு அவர்கள் பதில் தரும்வரை கொப்பியே போதும் என்று முடிவாகியிருக்கிறது. பட்டியலில் இரண்டு மாற்றங்களை அந்தப் பெண்கள் செய்திருக்கிறார்கள். இரவில் தனியாக இருக்கும் பெண்களின் வீடுகளுக்கு இப்போது குறியீடு மட்டும் உண்டு. தூக்குகிறவர்கள் வரிசையில் முன்பு ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் விடியற்காலையை நினைத்து, பெண்களின் பெயர்களையும் சேர்த்தார்கள்.

அயலிலுள்ள இன்னும் இரண்டு ஒழுங்கைகள் இதே முறையில் தொடங்க விரும்புகின்றன. அவர்களுக்கு நாங்கள் கொடுப்பது வெற்றுக் கொப்பியும் உள்ளட்டை விதிகளும் மட்டும். எங்கள் பெயர்கள் ஒன்றும் போகாது. ஒரு ஒழுங்கையில் சம்மதிக்காத வீடுகள் பல. அவற்றுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள், அடுத்த புரட்டாதியில் திரும்பப் போய்க் கேட்பார்கள்.